கடலோர ஊரில் இரண்டாவது வீடு: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

கடல் பார்த்த வீடு ஒன்று வேண்டும் என்கிற ஆசை பெரும்பாலும் ஒரு விடுமுறை நாளில்தான் வரும். வெயில் இதமாக இருக்கும், காற்று வீசும், பிள்ளைகள் மணலில் விளையாடுவார்கள், திரும்பி வரும் வழியில் 'விற்பனைக்கு' என்று ஒரு பலகை கண்ணில் படும். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஆசை தப்பில்லை, நானும் அப்படி ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். ஆனால் நான் வாங்கிய வீட்டிலிருந்து கடல் தெரியாது. பத்து நிமிடம் நடந்தால் கடல் வரும். இத்தனை வருடம் கழித்தும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்: கடலுக்கு எதிரே வாங்காதீர்கள், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் வாங்குங்கள். ஏன் என்று கீழே விளக்குகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பிடித்த ஊரில் முதலில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சீசன் முடிந்த பிறகு, மழையும் காற்றும் அடிக்கிற மாதத்தில் குறைந்தது இரண்டு வாரம் தங்கிப் பாருங்கள். எந்தக் கடைகள் திறந்திருக்கின்றன, எவை அடுத்த சீசன் வரை மூடிக் கிடக்கின்றன, கரண்ட் போனால் எவ்வளவு நேரத்தில் வருகிறது, இரவு இரண்டு மணிக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டரிடம் போக எத்தனை நிமிடம் ஆகும், ஒதுங்கிய பாசி அழுகும் நாட்களில் எந்தத் தெரு வரை நாற்றம் வருகிறது, இதெல்லாம் புரோக்கர் சொல்ல மாட்டார், அங்கே தங்கினால்தான் தெரியும். அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகும் ஊர் பிடித்திருந்தால் மேற்கொண்டு பாருங்கள்.

பயண நேரத்தையும் சோதித்துவிடுங்கள். எல்லாரும் ஊரைவிட்டுக் கிளம்புகிற வெள்ளிக்கிழமை மாலையில் நீங்களும் கிளம்பி வீட்டு வாசல் வரை போய்ப் பாருங்கள். மூன்று மணி நேரத்தைத் தாண்டினால், முதல் வருடம் மாதம் இரண்டு முறை போவோம், அடுத்த வருடம் மாதம் ஒரு முறை, அப்புறம் சாவி எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருக்கும். என்னைச் சுற்றி வாங்கியவர்களிடம் நான் பார்த்தது இது.

தூரத்தைவிட உயரம் முக்கியம்

கடலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம், அதாவது தினமும் கடல் நீர் ஏறி இறங்குவது, மற்ற நாட்களைவிட அதிகமாக ஏறும். அதே நாளில் புயலும் வந்து, காற்று தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளினால், கடல் தெருவுக்குள் வந்துவிடும். அதனால் பௌர்ணமிக்கு மறுநாள் ஒருமுறை கரைக்குப் போய், அலை ஒதுக்கிவிட்டுப் போன பாசியும் குச்சிகளும் எந்த இடம் வரை ஒரு கோடு போலக் கிடக்கின்றன என்று பாருங்கள். புயல் இல்லாத நாளிலேயே கடல் அதுவரை வருகிறது. வீடு அதிலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறது என்று யோசியுங்கள். 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, அந்த வேகமும் கூடிக்கொண்டே வருகிறது. உங்கள் பிள்ளைகளுக்கும் இந்த வீடு இருக்க வேண்டும் என்று நினைத்தால் இது வெறும் செய்தி இல்லை, நீங்கள் போட வேண்டிய கணக்கு.

கடலரிப்புக்குத் தடயங்கள் இருக்கும். வேர் வெளியே தெரிய நிற்கிற மரங்கள், மணலில் இறங்காமல் அந்தரத்தில் முடிகிற படிக்கட்டு, பாதி உடைந்த சுற்றுச்சுவர். கூகுள் எர்த்தில் ஒரே இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாகப் பார்க்கலாம். நீங்கள் பார்த்திருக்கும் வீட்டின் முன்னால் மணல் எவ்வளவு அகலம் இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள், அரை மணி நேர வேலைதான். பக்கத்தில் துறைமுகமோ, கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் சுவரோ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கரையை ஒட்டி மணல் ஒரு திசையில் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தச் சுவர் அதைத் தடுப்பதால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் மணல் வராமல் கரை கரையும். கரையும் பக்கத்தில் உள்ள வீடு மலிவாகக் கிடைக்கும், காரணம் இதுதான். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டியும் வாங்க வேண்டாம் என்பேன், முகத்துவாரம் நின்ற இடத்திலேயே நிற்காது. வீட்டுக்குப் பின்னால் காயலோ கழிமுகமோ இருந்தால் வெள்ளம் முன்வாசல் வழியாகத்தான் வரும் என்றில்லை, கொல்லைப்புறமாகவும் வரும்.

உப்பு செய்கிற வேலை

அலை உடையும்போது தெறிக்கிற நுண்துளிகளைக் காற்று தூக்கிக்கொண்டு வரும். அதில் உள்ள உப்பு முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே கணிசமாகக் குறைந்துவிடும். கரையோர வீட்டில் கீல் துருப்பிடிப்பதும், இரண்டு தெரு தள்ளி உள்ள வீட்டில் அதே கீல் பல வருடம் தாங்குவதும் அதனால்தான். பத்து நிமிட நடையை நான் விரும்பியதற்கு இதுதான் பெரிய காரணம்.

கான்கிரீட் வீடு என்றால் இதை நிதானமாகப் படியுங்கள். கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கிற கம்பிக்கு ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தைக் கொடுக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைத்துவிடும். கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு பழைய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழும். வெளியே விரிசல் தெரியும்போது உள்ளே வெகுநாளாக வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். வீடு பார்க்கப் போகும்போது ஒரு கம்பு எடுத்துக்கொண்டு போய் கூரையின் அடிப்பக்கத்தையும் தூண்களையும் பால்கனியின் அடியையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று வெற்றுச் சத்தம் வந்தால் அங்கே பூச்சோ கான்கிரீட்டோ விட்டுப்போயிருக்கிறது. கம்பி போகிற வரிசையில் நேர்கோடாகப் பழுப்புக் கறை தெரிகிறதா என்றும் பாருங்கள். விற்பனைக்கு முந்தின மாதம்தான் பெயிண்ட் அடித்தோம் என்று சொன்னால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். வீட்டை முடிவு செய்யும் முன் தரகரோடு சம்பந்தமில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிப் போங்கள், கான்கிரீட்டைத் துளைத்து எடுத்த தூளில் குளோரைடு எவ்வளவு என்று லேபில் பார்க்கச் சொல்லுங்கள். கட்டும்போது கடல் மணலோ உப்புத் தண்ணீரோ கலந்திருந்தால் அந்தச் சோதனையில் தெரிந்துவிடும். இதற்காகும் செலவு வீட்டு விலையில் ஒரு துளி.

சுவரில் இறங்கிய உப்பு காற்றில் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுக்கும். அதனால்தான் எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் அதே இடம் பொரிந்து வருகிறது. அதன் மேல் காற்றுப் புகாத பெயிண்டைப் பூசி மூடாதீர்கள். உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவர் மூச்சுவிடும்படி சுண்ணாம்புப் பூச்சு கொடுப்பதுதான் தீர்வு.

கம்பி, கைப்பிடி, ஸ்க்ரூ வாங்கும்போது வெறுமனே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்காமல் 316 கிரேடு என்று கேளுங்கள். வழக்கமாகக் கிடைக்கிற 304 கடலோரத்தில் பழுப்படித்துப்போகும், 316இல் மாலிப்டினம் என்கிற உலோகம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். இன்னொன்று, மழை படாத இடத்தில்தான் துரு வேகமாகப் பிடிக்கும், சன்ஷேடுக்கு அடியில், பால்கனிக் கூரைக்குக் கீழே. மழை உப்பைக் கழுவிவிடுகிறது, அங்கே கழுவ யாரும் இல்லை. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைக் குழாய் வைத்து அடித்துக் கழுவினாலே பாதித் தொல்லை போய்விடும். ஏசியின் வெளிப்பெட்டியைக் கடல் பக்கச் சுவரில் மாட்ட வேண்டாம்.

கிணறோ போரோ இருந்தால் வறண்ட மாதத்தில் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரும் வைத்துப் பாருங்கள். கடலோர நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை அது இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் மேலே ஒரு மீட்டரை உறிஞ்சித் தீர்த்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று பாருங்கள். நீங்கள் சிக்கனமாக இருந்தாலும் பக்கத்து விடுதி மோட்டார் போட்டு இறைத்தால் உங்கள் கிணறும் உப்பாகிவிடும், அதனால் அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் விசாரியுங்கள்.

பணமும் பத்திரமும்

வீட்டு விலையில் வருடத்துக்கு ஒரு சதவீதம் பராமரிப்புக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். கடலோரத்தில் இரண்டு சதவீதம் என்று ஒதுக்குங்கள். அதோடு வரி, காப்பீடு, கடன் தவணை எல்லாவற்றையும் கூட்டி, நீங்கள் உண்மையாகத் தங்கப்போகும் இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நல்ல விடுதி வாடகையைவிடப் பல மடங்கு வந்தால், இன்னும் சில வருடம் வாடகைக்கே தங்குவது நல்லது, அதில் குறைவு எதுவும் இல்லை.

வாடகைக்கு விட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: வாடகைக்கு வருகிறவர்கள் கேட்கிற நாட்களும் நீங்கள் போக விரும்புகிற நாட்களும் ஒன்றுதான். குறுகிய கால வாடகைக்குப் பல ஊர்களில் கட்டுப்பாடும் உண்டு.

காப்பீட்டை அட்வான்ஸுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். வெள்ளமும் கடல் நீர் புகுதலும் சேர்ந்ததா, தனியாக எடுக்க வேண்டுமா, வீடு தொடர்ந்து எத்தனை நாள் பூட்டியிருந்தால் பாதுகாப்பு போய்விடும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பல பாலிசிகளில் 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் இருந்தால் இழப்பீடு குறையும் அல்லது கிடைக்கவே கிடைக்காது. இரண்டாவது வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பத்திரத்தை வக்கீலிடம் காட்டும்போது வில்லங்கம் மட்டும் பார்த்தால் போதாது. ஓத வரம்பிலிருந்து இத்தனை தூரத்துக்குள் கட்டக் கூடாது என்கிற விதி பல நாடுகளில் இருக்கிறது. இருக்கிற வீடு அனுமதியோடு கட்டியதா, இடிந்தால் அதே இடத்தில் திரும்பக் கட்ட விடுவார்களா என்று கேளுங்கள். கரைக்குப் போகும் பாதை பொதுப் பாதையா, இன்னொருவர் நிலமா என்பதையும் பார்த்துவிடுங்கள். அந்தப் பாதையில் நாளைக்கு ஒரு கேட் போட்டுவிட்டால் பத்து நிமிட நடை அரை மணி நேரச் சுற்றாகிவிடும்.

வாங்கிய பிறகு

முதல் வருடம் எதையும் இடிக்காதீர்கள், கட்டாதீர்கள். எந்த ஜன்னல் வழியாகச் சாரல் வருகிறது, எந்த மூலையில் பூஞ்சை பிடிக்கிறது, மாலையில் எந்த இடம் உட்கார நன்றாக இருக்கிறது என்று எல்லாப் பருவத்தையும் பார்த்த பிறகு செலவழியுங்கள். சாமான்களைக் குறைவாக வையுங்கள். துணிமணி, செருப்பு, சார்ஜர் எல்லாம் அங்கேயே ஒரு செட் இருந்தால் வெறுங்கையோடு கிளம்பலாம், அடிக்கடி போவதற்கு இது எவ்வளவு உதவும் என்று போனால்தான் தெரியும்.

கடலின் நேரத்துக்குப் பழகிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கரைகளில் ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம், அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளித் தள்ளி வரும். நாலு நாளில் மனதுக்குள் கணக்கு வந்துவிடும். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஈரமணலில் நடப்பது சுகம். பகலில் நிலம் சூடேற ஏறக் கடற்காற்று வலுக்கும், இரவில் நிலம் குளிர்ந்ததும் காற்று திரும்பி நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். காற்றும் அலையும் அடங்கிய கடலைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் போங்கள்.

குளிக்கப் போகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள், விருந்தாளிகளுக்கு இன்னும் அழுத்தமாக. அலைகள் உடைகிற வரிசையில் நடுவே ஓரிடம் மட்டும் உடையாமல், கருத்து, அமைதியாகத் தெரிந்தால் அது பாதுகாப்பான இடம் அல்ல. கரைக்கு வந்த தண்ணீர் அங்கேதான் கடலுக்குள் திரும்பப் பாய்கிறது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, களைத்துத்தான் பலர் மூழ்குகிறார்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அலை உடைகிற இடத்தின் வழியாகக் கரை சேருங்கள். லைஃப் கார்டு இருக்கிற இடத்தில், இருக்கிற நேரத்தில் மட்டும் இறங்குவது எல்லாவற்றையும்விட நல்லது.

ஊர்க்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மைப் போன்றவர்கள் வந்து வாங்குவதால் விலை ஏறி, அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஊரில் வீடு கிடைக்காமல் போகிறது. உலகத்தில் பல கடலோர ஊர்களில் இது நடக்கிறது, எனக்கு மனதை உறுத்துகிற விஷயம் இது. வருடத்தில் எட்டு மாதம் பூட்டிக் கிடக்கும் என்றால் ஒரு பகுதியையாவது அந்த ஊரில் வேலை பார்க்கிற ஒரு குடும்பத்துக்கு நீண்ட கால வாடகைக்கு விடுங்கள். வீடும் காற்றோட்டமாக இருக்கும். ரிப்பேர் வேலைக்கு உள்ளூர் ஆளையே கூப்பிடுங்கள், உப்பின் குணம் அவருக்குத்தான் தெரியும். படகு ஏற்றி வைக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். மீனவர் கடலுக்குப் போகவில்லை என்றால் நீங்களும் அன்றைக்குத் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

பூட்டிவிட்டுக் கிளம்பும்போது மெயின் வால்வை மூடுங்கள், ஃப்ரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்தே வையுங்கள், அலமாரிக் கதவுகளையும் அப்படியே. தரைத் துவாரங்களிலும் சிங்கிலும் ஒரு குவளை தண்ணீர் விட்டு மேலே கொஞ்சம் சமையல் எண்ணெய் ஊற்றினால், அடியில் குழாய் வளைவில் நிற்கிற தண்ணீர் சீக்கிரம் வற்றாது, சாக்கடை நாற்றமும் பூச்சியும் வராது. ஒரு சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். திரும்பி வந்ததும் எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓட விடுங்கள், வெகுநாள் தேங்கிய தண்ணீரில் கிருமி வளர்ந்திருக்கலாம், அந்தத் துளிகளை மூச்சில் இழுக்காமல் இருக்க ஷவரைத் திறந்துவிட்டுக் குளியலறைக்கு வெளியே வந்துவிடுங்கள். அப்புறம் குழாய்களை மூடிவிட்டு, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்துக் கரைக்கு நடந்துவிட்டு வாருங்கள். வீடு காற்றாட ஒரு மணி நேரம் எப்படியும் ஆகும்.