ஆத்தங்குடிக் கல் பதித்த குளியலறையில் பாத்டப் வடிகால்: எந்தச் சீலன்ட் சரி?

கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் பழைய வீட்டில் பாத்டப் வைக்கப்போகிறீர்களா? வடிகால் வாயில் எதைப் பூசுவது என்பதைத் தொட்டி வாங்கும் அன்றே முடிவு செய்யுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. சிமெண்டும் மணலும் நிறமும் சேர்ந்தது. எண்ணெய் பட்டால் குடித்துக் கறையாகும், அமிலம் பட்டால் அரிக்கும்.

அதனால் களிமண் போலப் பிசைந்து அடைக்கும் பிளம்பர் புட்டி இங்கே வேண்டாம். அதிலுள்ள எண்ணெய் கல்லிலும் பளிங்கிலும் ஊறும், அக்ரிலிக் தொட்டியையும் கெடுக்கும். எனாமல் பூசிய இரும்புத் தொட்டிக்கு மட்டும் அது பொருந்தும். வெள்ளைச் சிமெண்டும், இரண்டு உருண்டை சேர்த்துப் பிசையும் எபாக்சியும் இறுகிக் கல்லாகிவிடும். ஆள் இறங்கினால் அக்ரிலிக் தொட்டி சற்று வளையும்; பூச்சு வளையாது, விரிசல் விடும். பிறகு கழற்றவும் முடியாது.

சிலிக்கான்தான் சரி. ஆனால் வினிகர் வாடை அடிக்கும் வகை அமிலத்தை வெளிவிட்டு இறுகுவது. பளிங்கையும் வடிகால் துளையில் மாட்டும் பித்தளை வேஸ்ட் கப்ளிங்கையும் அரிக்கும். டியூபில் ‘நியூட்ரல்’ என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் துளையின் விளிம்பைச் சோப்பு நீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஈரமே இல்லாமல் உலர விடுங்கள். தின்னர் போட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் வரும். அடுத்து, கப்ளிங்கின் மேல்முனையில் விரிந்திருக்கும் தட்டின் அடிப்பக்கம் 6 மி.மீ. தடிமனில் சிலிக்கானை இடைவெளி விடாமல் வட்டமாக இட்டு, துளையில் வைத்து அழுத்துங்கள். தொட்டிக்குக் கீழே ரப்பர் வாஷர், பிளாஸ்டிக் வாஷர், இவற்றை இறுக்கிப் பிடிக்கும் செக்நட் என்ற வரிசை. ரப்பருக்குச் சிலிக்கான் பூசாதீர்கள், வழுக்கி விலகும். கையால் இறுக்கிய பின் ஸ்பேனரில் கால் சுற்று போதும். மேலே ஒருவர் தட்டை அசையாமல் பிடிக்க வேண்டும். தட்டு சுழன்றால் சிலிக்கான் வளையம் அறுந்துவிடும், ஒழுகுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிதுங்கியதை உடனே வழித்துவிடுங்கள். கீழே குழாய் மாட்டும் மரைக்கு டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே 4 சுற்று சுற்றுங்கள்.

24 மணி நேரம் தண்ணீர் விடாதீர்கள். பிறகு அடைப்பானைப் போட்டு ஒரு சாண் உயரம் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு மணி நேரம் வையுங்கள். நிறைந்திருக்கும்போதே தாள் நனைந்தால் தட்டின் கீழ் சிலிக்கான் பிடிக்கவில்லை. கழற்றிச் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டும். தண்ணீர் வடியும்போது மட்டும் நனைந்தால் மரையிலோ, தண்ணீர் தேங்கி நிற்கும் வளைகுழாயான ட்ராப்பிலோ கோளாறு. இதைப் பார்க்கவும் கையை உள்ளே நுழைக்கவும் தொட்டியின் பக்கச் சுவரில் ஓரடிக்கு ஓரடி சின்னக் கதவு விட்டுக் கட்டச் சொல்லுங்கள்.