பேஸ்மென்ட் தரையில ஈரம் இருக்கா? வினைல் ஒட்டறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

பெங்களூர் கம்மனஹள்ளில எங்க வீடு சரிவுல இருக்கு, ரோட்டுலேர்ந்து பார்த்தா கிரவுண்ட் ஃப்ளோர், பின்பக்கம் போனா பாதி ரூம் மண்ணுக்குள்ள. அதை ஆபீஸ் ரூமாக்கலாம்னு போன வருஷம் ஏப்ரல்ல வினைல் பிளாங்க் ஒட்டினேன். வேலைக்கு வந்தவர் தரையில கையை வெச்சுப் பார்த்துட்டு "ஏனூ ஆகல்லா சார்" (ஒண்ணும் ஆகாது)னாரு. செப்டம்பர் மழைல ஓரமெல்லாம் தூக்கிக்கிச்சு, ஒரு பலகையை இழுத்தா பசை கொழகொழன்னு கையோட வருது, வாடை வேற.

கொடுமை என்னன்னா, அதுக்கு முந்தின மழைலயே அம்மா அங்க பாய் விரிச்சுப் படுத்துட்டு, காலைல சுருட்டும்போது "அடியில நமுத்துக் கிடக்குடா, ஓதம் ஏறுது"ன்னாங்க. நான் காதுல வாங்கல. இப்ப சொல்லப்போற டெஸ்ட்டும் கிட்டத்தட்ட அந்தப் பாய்தான், பிளாஸ்டிக்ல: ஒரு ஷீட்டைத் தரையில ஒட்டி, அடியில ஈரம் சேருதான்னு பார்க்கறது.

தரை திறந்து கிடக்கறப்ப கீழேர்ந்து வர்ற ஈரம் வர வர ஆவியாப் போயிடும், அதனால கைக்கு உலர்ந்த மாதிரிதான் தெரியும். மேல மூடிட்டா போக வழியில்லாம தேங்கும், சிமென்ட்டோட காரமும் அதுல சேர்ந்துக்கும், அதுதான் பசையைக் கெடுக்குது.

1. மழைக்காலத்துல பண்ணுங்க. இங்க செப்டம்பர், அக்டோபர்தான் சரி. ஏப்ரல்ல பார்த்து ஓகேன்னா அதுக்கு அர்த்தமே இல்ல.

2. வெறும் கான்கிரீட் தெரியணும். பெயின்ட், பழைய பசை, சீலர் இருந்தா அது ஈரத்தை அடைச்சு வெச்சுக்கிட்டு உங்களை ஏமாத்தும். வெள்ளையா உப்பு பூத்திருந்தா டெஸ்ட்டுக்கு முன்னாடியே பாதி பதில் கிடைச்சாச்சு.

3. 18 இஞ்ச் சதுரமா பாலிதீன் ஷீட், 100 மைக்ரான் கனம். கேரி பேக் வேண்டாம்.

4. டேப். நான் வழுக்கினது இங்கதான். முதல் தடவை மாஸ்கிங் டேப் ஒட்டினேன், ராத்திரியே ஒரு மூலை எழும்பிடுச்சு, உள்ள இருந்த ஈரமெல்லாம் அந்தச் சந்து வழியா போயிடுச்சு, காலைல ஷீட் பளிச்சுன்னு இருக்கு, நானும் பாஸ்னு சந்தோஷப்பட்டேன். பிரவுன் பேக்கிங் டேப்பும் தூசி மேல நிக்கல. டக்ட் டேப்தான் வாங்குங்க, 2 இஞ்ச் அகலம். டேப் விழப்போற இடத்தை ஒயர் பிரஷ்ஷால தேய்ச்சு, வேக்யூம் போட்டு (ஈரத்துணி கூடவே கூடாது), நாலு பக்கமும் ஒட்டி ஸ்பூன் முதுகால அழுத்தித் தேய்ங்க. மூலைல ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும்.

5. குறைஞ்சது 16 மணி நேரம் விடணும். நான் மூணு நாள் விட்டேன்.

6. பிரிச்சுப் பாருங்க. ஷீட் அடியில முத்து முத்தா தண்ணி, இல்ல கான்கிரீட் கருத்திருந்தா ஃபெயில். காய்ஞ்சிருந்தா உடனே துள்ளாதீங்க, தரையோட சூடும் ரூம் சூடும் எப்படி இருக்குங்கறதைப் பொறுத்து ஈரம் இருந்தும் படியாமப் போகலாம். காஸ்ட்லியான மரத்தளம்னா தரையிலேர்ந்து வர்ற ஈரத்தை உறிஞ்சிக் காட்டற கால்சியம் குளோரைடு கிட் (60லேர்ந்து 72 மணி நேரம்), இல்லன்னா துளை போட்டு உள்ள வைக்கற ஆர்.எச். (ஈரப்பதம்) ப்ரோப். என் ஓட்டு ப்ரோப்புக்குத்தான், கால்சியம் குளோரைடு மேல்தோலைத்தான் பார்க்கும், இது ஸ்லாப் கனத்துல 40 சதவீத ஆழத்துக்குப் போய் அளக்குது.

அப்டேட்: ஷீட்டுக்கு மேல தண்ணி நிக்குதுன்னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருந்தார். அது ரூம் காத்துல இருக்கற ஈரம் குளிர்ந்த தரையில படியறது, தரைக்குள்ளேர்ந்து வர்றது இல்ல. ஃபேன் போடுங்க.

இன்னொரு அப்டேட்: எஸ்.பி. ரோட்ல கிடைக்கற ரெண்டு ஊசி ஈர மீட்டர் போதுமான்னு நிறைய பேர் கேக்கறீங்க. அது மரத்துக்குப் பண்ணது, கான்கிரீட்ல அது காட்டற நம்பரை நம்பாதீங்க. எந்த மூலை அதிக ஈரம்னு ஒப்பிட்டுப் பார்க்க வேணா வெச்சுக்கலாம்.

ஒரு ஷீட்டோட நிறுத்தாதீங்க. நான் மூணு வெச்சேன், பின்சுவர் ஓரத்துல தண்ணி சொட்டுது, நடுவுல கருப்புத் திட்டு, வாசல் பக்கம் சுத்தமா காய்ஞ்சிருக்கு. வேலைக்கு வந்தவர் அன்னிக்குக் கை வெச்சது அந்த வாசல் பக்கம்தான். இப்ப ரூம் முழுக்க டைல்ஸ் போட்டாச்சு.