மெமோரியல் பார்க்கில் கூடாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவின் சான் மட்டேயோ கவுண்டியில் உள்ள மெமோரியல் பார்க் என்னும் காட்டுப் பூங்காவுக்குப் புதிதாக வரும் குடும்பங்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். தொடக்கத்தில் நாங்கள் செய்த பிழைகளையே அவர்களும் செய்கிறார்கள். டார்ச் விளக்கை மறப்பது, கூடார ஆணிகளை வீட்டில் விட்டுவருவது பற்றி எழுதப்போவதில்லை. ஒருமுறை இருட்டில் தடுமாறினால் அடுத்த முறை மறக்கமாட்டீர்கள். சில தவறுகளுக்கு மட்டும் நாம் விலை கொடுப்பதில்லை, வேறு யாரோ கொடுக்கிறார்கள். அவைதான் ஆண்டுக்காண்டு தொடர்கின்றன.

ஜூலையில் குளிராது என்று நினைப்பது

பாலோ ஆல்ட்டோவில் வியர்க்க வியர்க்கக் காரில் ஏறியவர்கள் மெல்லிய போர்வையோடு வந்து இறங்குகிறார்கள். பசிபிக் கடல் இங்கிருந்து பத்து மைலுக்குள் இருக்கிறது. மூடுபனிக்குக் கோடைதான் பருவம். இரவில் அது பள்ளத்தாக்கில் ஏறிவந்து ரெட்வுட் என்னும் நெடிய மரங்களின் இலைகளில் படிந்து சொட்டும். மழையே பெய்யாத மாதங்களில் இந்த மரங்களுக்கு அந்த ஈரம் பெரிய துணை. கூடாரத்தில் படுப்பவர்களுக்கோ கம்பளிச் சட்டையும், தரைக்குளிரைத் தடுக்கும் தடித்த விரிப்பும் வேண்டும்.

கைப்பேசியை நம்புவது

வரும் வழியில் லா ஹோண்டா என்ற சிற்றூரைத் தாண்டினால் சிக்னல் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவுச் சீட்டும் வரைபடமும் காகிதத்தில் இருக்கட்டும்.

காக்கைக்குச் சோறு வைப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. சோறு வைப்பவர்கள் நல்ல மனத்தோடு வைக்கிறார்கள் என்பதால் வருத்தமும் சேர்ந்துகொள்கிறது.

ஒருமுறை பக்கத்து இடத்தில் தங்கியிருந்த ஒரு பாட்டி, தயிர்ச்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்ததும் முதல் பிடியை மேசை ஓரத்தில் வைத்தார். கறுப்புக் கொண்டையும் நீல உடலுமாக ஸ்டெல்லர் ஜே பறவைகள் இறங்கின. குழந்தைகள் கைதட்டினார்கள். நான் போய், “அம்மா, இங்கே மட்டும் வேண்டாம்” என்றேன். “வாயில்லாத ஜீவனுக்கு ஒரு பிடி வைப்பது தப்பா, தம்பி?” என்று கேட்டார்.

அவரிடம் சொன்னதை இங்கும் சொல்கிறேன். ஜே காக்கை இனத்தைச் சேர்ந்தது. இக்காட்டில் அண்டங்காக்கைகளும் உண்டு. இதே மரங்களின் உச்சியில் மார்பிள்ட் மர்ரெலெட் என்ற சிறிய கடற்பறவை முட்டையிடுகிறது. கடலில் மீன் பிடித்து வாழும் இது எங்கே முட்டையிடுகிறது என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 1974-இல், அருகிலுள்ள பிக் பேசின் காட்டில், மரமேறும் தொழிலாளி ஒருவர் உயரக் கிளையில் அதன் குஞ்சைக் கண்டார். கூடு என்று அது எதையும் கட்டுவதில்லை. முதிர்ந்த மரத்தின் அகன்ற, பாசி படர்ந்த கிளையில் ஒரே ஒரு முட்டை இடும். தாயும் தந்தையும் நாள் முறை வைத்து அடைகாக்கும்.

அந்த ஒரு முட்டையைத்தான் ஜேயும் அண்டங்காக்கையும் தின்கின்றன. மனிதர் சிந்தும் உணவு கிடைப்பதால் கூடாரப் பகுதிகளில் அவை காட்டின் பிற இடங்களைவிட அதிகமாகக் கூடுகின்றன. மேசையில் சோறு தீர்ந்ததும் மேலே போய்த் தேடுகின்றன. பழைய கடற்கரை ரெட்வுட் காடுகளில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடுதான் வெட்டப்படாமல் மிஞ்சியிருக்கிறது. இப்பகுதியில் இந்தப் பறவைக்கு முட்டையிட வேறு இடம் அதிகம் இல்லை. 1992 முதல் அது அழிவை எதிர்நோக்கும் பறவைகளின் பட்டியலில் இருக்கிறது.

யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கரடிக்குப் பயந்து பிஸ்கட்டைக்கூடப் பூட்டிவைப்பவர்கள், இங்கே கரடி இல்லை என்றதும் முறுக்குப் பொட்டலத்தைத் திறந்துபோட்டுவிட்டு நடக்கக் கிளம்புகிறார்கள். உண்ணாத நேரத்தில் உணவு காருக்குள் இருக்க வேண்டும். மேசையைத் துடைத்த பிறகு குனிந்து தரையையும் பாருங்கள். மிக்சர் துணுக்கு, சோற்றுப் பருக்கை, குழந்தை கடித்துப்போட்ட ரொட்டி எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பாத்திரம் கழுவிய நீரை மரத்தடியில் கொட்டாதீர்கள்.

பாட்டி சோற்றை எடுத்துவிட்டார். காக்கைக்கான பிடியை வீட்டு மாடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக வைக்கலாம்.

வீட்டு விறகைக் கொண்டுவருவது

வேண்டாம். ஓக் மரங்களைக் கொல்லும் நோயும் பூச்சியும் விறகோடு சேர்ந்து பயணம் செய்யும். எரிக்கும் ஊரிலேயே வாங்குங்கள்.

பாய்சன் ஓக்கைச் சாதாரணச் செடி என்று எண்ணுவது

மூன்று மூன்றாக இலை இருந்தால் தொடாதீர்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நின்றாலும் அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அது கலந்த சுள்ளியை எரித்தால் புகை நுரையீரலைத் தாக்கும்.

மாலையில் நடக்கக் கிளம்புவது

இங்குள்ள பாதைகள் பெஸ்கடேரோ க்ரீக், சாம் மெக்டொனால்ட் என்னும் அடுத்த பூங்காக்கள் வரை நீள்கின்றன. வரைபடத்தில் விரற்கடை தூரமாகத் தெரிவது நேரில் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும். பள்ளத்தாக்கில் இருட்டு முன்னதாகவே வந்துவிடும். காலை உணவு முடிந்ததும் கிளம்புங்கள், மேசையைத் துடைத்துவிட்டு.