மனம் கனக்கும் வேளையில் ஜபம் செய்யும் முறை

வேலைச் சுமையும் குடும்பக் கவலையும் சேர்ந்து நெஞ்சை அழுத்தும் நாள்களில், இறை நம்பிக்கை உள்ளவருக்குப் பெரிதும் கைகொடுப்பது நாம ஜபம். ஆனால் பலர் அதை எண்ணிக்கைக் கணக்காக்கி, 108 முடிந்ததா என்ற புதிய பதற்றத்தோடு எழுந்திருக்கிறார்கள். அமைதி நாடி அமர்பவர் எண்ணிக்கையை விட்டு மூச்சைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு உடல்சார்ந்த காரணமும் உண்டு. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வொன்றில், இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரைக் கத்தோலிக்க ஜெபமாலையையும் ஒரு மந்திரத்தையும் சொல்லச் செய்து அளந்தபோது, இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்து, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் அந்தத் தாளத்தோடு இசைந்தது.

வாய்விட்டுச் சொல்லும் வாசிகம், உதட்டளவில் முணுமுணுக்கும் உபாம்சு, மனத்துக்குள் சொல்லும் மானசம் என ஜபம் மூவகைப்படும். மானசமே உயர்ந்தது என்பது மரபு. எனினும் கலங்கிய மனம் மௌனத்தில் எளிதில் நழுவிவிடும் என்பதால், வாசிகத்தில் தொடங்குவதே நல்லது என்பேன்.

கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, முதுகு நிமிர்ந்து அமருங்கள். மூக்கால் மூச்சை இழுத்து, அது வெளியேறும் நேரம் முழுவதும் 'நமசிவாய' என்றோ, 'நமோ நாராயணாய' என்றோ, உங்கள் நெஞ்சுக்கு உரிய நாமம் எதுவோ அதை நீட்டிச் சொல்லுங்கள். 108 மணிகள் கொண்ட ஜபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் பத்து விநாடி என்று வைத்தால், பாதி மாலைக்கே ஒன்பது நிமிடம் ஆகிவிடும். அன்றாடத்துக்கு அதுவே போதும்.

இடையில் ருத்ராட்சத்தின் மேல் கட்டைவிரல் அசையாமல் நின்றிருக்கும். மேலாளருக்கு அனுப்ப வேண்டிய பதில் உள்ளே வரிவரியாக உருவாகிக்கொண்டிருக்கும். உங்களை நொந்துகொள்ளாமல், அதே மணியிலிருந்து நாமத்தைத் தொடருங்கள்.

முடிந்தபின் கவலையைச் சொந்தச் சொற்களில் இறைவனிடம் சொல்லி, நாளை நான் செய்ய வேண்டியது எது, என் கையில் இல்லாதது எது என்று பிரித்துப் பாருங்கள். சரணாகதி இரண்டாவதற்கு மட்டுமே உரியது. முதலாவதை நாம்தான் செய்தாக வேண்டும்.

உறக்கமின்மையோ வாழவே பிடிக்காத எண்ணமோ தொடர்ந்தால், பக்தி போதவில்லை என்று யார் சொன்னாலும் ஏற்காமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.