சின்ன வயசுல ஈரல் கேன்சர், ஃபைப்ரோலேமெல்லர்னு சொல்லிட்டாங்களா? இதப் படிங்க

இது வர்றவங்க பெரும்பாலும் 10லேருந்து 35 வயசுக்குள்ள இருப்பாங்க, குடி கிடையாது, ஹெபடைட்டிஸ் பி கிடையாது, மீதி ஈரல் நல்லாவே இருக்கும், அதனாலதான் பிடிபட லேட்டாகுது. சிங்கப்பூர்ல என்எஸ்ல, அதாவது கட்டாய ராணுவ சேவையில, இருக்குற பையன் மேல்வயிறு வலிக்குதுன்னா யாருக்கு ஈரல் ஞாபகம் வரும், கேஸ்ட்ரிக்னு மாத்திரையும் எம்சியும் (மெடிக்கல் லீவ்) குடுத்து அனுப்பிடுவாங்க. வலி போகல, எடை இறங்குது, வலது விலாவுக்குக் கீழ கட்டியா தட்டுப்படுதுன்னா பாலிகிளினிக் (அரசாங்க கிளினிக்) போய் ரெஃபரல் கேளுங்க, அந்த வழியா போனா மானியக் கட்டணமும் கிடைக்கும். சொந்தக்காரங்க "தண்ணி அடிப்பானா"ன்னு கேப்பாங்க, விடுங்க.

ரத்தத்துல ஏஎஃப்பி, அதாவது ஈரல் கேன்சருக்குப் பாக்குற ஒரு புரதம், நார்மல்னு வந்தா நிம்மதியாயிடாதீங்க, சாதாரண ஈரல் கேன்சர்ல ஏறுற அது இதுல பெரும்பாலும் ஏறாது. ஸ்கேன்ல கட்டி நடுவுல தழும்பு மாதிரி தெரியும், ஆனா எஃப்என்ஹெச்னு ஆபத்தில்லாத ஒரு கட்டியிலயும் அப்படித்தான் தெரியும். திசுவை எடுத்துப் பாத்தாங்கன்னா டிஎன்ஏஜேபி1-பிஆர்கேஏசிஏ டெஸ்ட் பண்ணாங்களான்னு கேளுங்க. ரெண்டு ஜீன் ஒட்டிக்கிட்ட மாற்றம் அது, 2014ல கண்டுபிடிச்சாங்க, இந்த கேன்சர் உள்ள கிட்டத்தட்ட எல்லார்கிட்டயும் இருக்கு. கட்டிக்குள்ள மட்டும் நடந்தது, பரம்பரையா வந்தது இல்ல, அதனால அம்மாமாருங்க தன்னையே திட்டிக்க வேண்டாம்.

ட்ரீட்மெண்ட்னா முதல்ல ஆபரேஷன்தான். சர்ஜன்கிட்ட நேரா கேளுங்க: முழுசா எடுக்க முடியுமா, பக்கத்து லிம்ஃப் நோடையும் (நிணநீர் முடிச்சு) எடுப்பீங்களா? இது நோடுக்கு அடிக்கடி பரவும். அமெரிக்காவுல 1986லேருந்து 1999 வரைக்கும் எடுத்த ஒரு கணக்குல அஞ்சு வருஷம் தாண்டினவங்க 100ல 32 பேர் மாதிரி, சாதாரண ஈரல் கேன்சர்ல 7 பேர்தான். அது பழசு, எல்லா ஸ்டேஜும் கலந்தது, முழுசா எடுக்க முடிஞ்சவங்களுக்கு இதைவிட நல்லாவே இருக்கும், அதனால அந்த நம்பரை வச்சு ராத்திரி பூரா கூகுள் பண்ணாதீங்க.

எடுக்க முடியலன்னா கீமோ, இம்யூனோ (உடம்பு எதிர்ப்பு சக்தியைத் தூண்டுற மருந்து) எல்லாம் ட்ரை பண்ணுவாங்க, இதுதான்னு அடிச்சுச் சொல்ற மருந்து இன்னும் இல்ல, கிளினிக்கல் ட்ரையல் இருக்கான்னு கேட்டுப் பாருங்க. காசு விஷயம்: 2022 செப்டம்பர்லேருந்து மெடிஷீல்டு லைஃப், அதாவது சிங்கப்பூர் அரசாங்க மருத்துவக் காப்பீடு, கேன்சர் மருந்துப் பட்டியல்ல இருக்குறதுக்குத்தான் குடுக்கும், அபூர்வ கேன்சருக்கு மருந்து அந்தப் பட்டியல்ல இல்லாம போகலாம், ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே மெடிக்கல் சோஷியல் வொர்க்கரைப் பாத்துடுங்க.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். திடீர்னு பேச்சு குளறுது, கேட்டதையே கேக்குறாங்க, எழுப்பினா எழுந்திரிக்காம மந்தமா கிடக்குறாங்கன்னா அசதின்னு தூங்க விடாதீங்க, ஆம்புலன்ஸுக்கு 995 கூப்பிடுங்க, ஏ அண்ட் இல (அவசரப் பிரிவுல) "ஃபைப்ரோலேமெல்லர், அம்மோனியா செக் பண்ணுங்க"ன்னு சொல்லுங்க. ஈரல் டெஸ்ட் சரியா இருந்தாலும் இதுல ரத்தத்துல அம்மோனியா ஏறி மூளையைக் குழப்பலாம், பாக்குறவங்களுக்கு அது தோணாம போகலாம்.

தேக்கா மார்க்கெட்ல கீழாநெல்லி வாங்கி அரைச்சுக் குடுக்கணும்னு பாட்டி சொன்னா டாக்டர்கிட்ட கேக்காம குடுக்காதீங்க, மருந்தோட சேந்து என்ன பண்ணும்னு தெரியாது. ஆபரேஷன் முடிஞ்சாலும் ஸ்கேன் அப்பாயிண்ட்மெண்டை விடாதீங்க. பல பேருக்கு திரும்ப வருது, சில சமயம் வருஷம் கழிச்சும் வரும், சின்னதா இருக்கும்போதே பிடிச்சா மறுபடியும் வெட்டி எடுக்க வாய்ப்பு இருக்கு.