கன்னியாகுமரிக் கடலின் மேலெழுச்சியைச் செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பது எப்படி?

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, குளச்சல், கொல்லம் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. காற்று கரையை ஒட்டித் தென்கிழக்காக வீசும். பூமி சுழல்வதால் மேல்மட்ட நீர் காற்றுக்கு வலப்புறமாக, அதாவது கரையை விட்டு விலகிப் போகும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து நீர் ஏறும். இதுதான் மேலெழுச்சி. மேலிருந்து மூழ்கிய உயிர்கள் மட்கிச் சேர்த்துவைத்த நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் அதோடு வெளிச்சத்துக்கு வந்துவிடும். சிலிக்கேட்டை எடுத்து ஓடு கட்டிக்கொள்ளும் டயட்டம் பாசிகள் பெருகும், அப்புறம் சாளையும் நெத்தோலியும் கூடும்.

படி 1: நாசாவின் வேர்ல்டுவியூ தளத்தைத் திறந்து இந்தியாவின் தென்முனைக்கு வாருங்கள். இலவசம், கணக்கு வேண்டாம். கணினியில் செய்யுங்கள், போன் திரையில் நிற வேறுபாடு தெரியாது. தேதியை ஏதாவது ஒரு ஆகஸ்டுக்கு மாற்றுங்கள்.

படி 2: 'ஆட் லேயர்ஸ்' அழுத்திக் கடல் மேற்பரப்பு வெப்பநிலையைத் தேடுங்கள். பல வரும். எம்யூஆர் என்று இருப்பதை எடுங்கள், எனக்குப் பிடித்தது அதுதான். மற்ற பலவற்றில் மேகம் மறைத்த இடமெல்லாம் ஓட்டையாக இருக்கும். இது பல செயற்கைக்கோள்களின் அளவீடுகளைச் சேர்த்து ஓட்டையை நிரப்பித் தருகிறது.

படி 3: நான் வெகுநேரம் நின்ற இடம் இது. படம் வந்ததும் கடல் முழுக்க ஒரே நிறமாகத் தெரியும், மேலெழுச்சியே இல்லையோ என்று தோன்றும். துருவக் கடலுக்கும் நம் கடலுக்கும் ஒரே நிற அளவுகோல் என்பதால்தான் இப்படி. லேயரின் அமைப்புகளில் கீழ் எல்லையை 24, மேல் எல்லையை 30 டிகிரி என்று வையுங்கள். அதோடு விடாதீர்கள்: எல்லையை மட்டும் மாற்றினால் வெளியே உள்ளவை மறையும், நிறங்கள் அப்படியே இருக்கும். 'ஸ்குவாஷ் பேலட்' என்பதையும் தட்டினால்தான் நிறங்கள் முழுவதும் அந்த 6 டிகிரிக்குள் விரியும். இப்போது தென்முனையை ஒட்டிக் குளிர்ந்த பட்டை தனியாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. எம்யூஆர் சேர்க்கும் அளவீடுகளில் மேகத்தை ஊடுருவிப் பார்ப்பது மைக்ரோவேவ் கருவி. நிலத்தின் அருகே அதன் அளவீடு பயன்படாது. அதனால் பல நாள் தொடர்ந்து மேகமூட்டம் இருந்தால், கரையோரக் குளிர்ச்சி உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியலாம். ஒரு நாள் படத்தை நம்பாமல் ஒரு வாரத்தை ஓட்டிப் பாருங்கள்.

படி 4: பாசிகளின் பச்சை நிறமியான குளோரோபில்லின் லேயரைச் சேருங்கள். வெளிக்கடலில் பெரும்பாலும் கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும், மேலெழுச்சிப் பட்டையில் 1-ஐத் தாண்டும். இதில் மேகம் ஒழியும் நாளைத் தேடித்தான் ஆக வேண்டும். நீர் ஏறி, பாசி பெருகச் சில நாட்கள் ஆகும். குளிர்ச்சி தெரிந்த அன்றே பச்சையைத் தேடாதீர்கள்.

படி 5: 'கம்பேர்' வசதியில் ஒரு பக்கம் ஏப்ரல், மறுபக்கம் ஆகஸ்ட் வைத்து நடுக்கோட்டை இழுங்கள். இந்த ஒன்றுக்காகவே இத்தனையும் செய்யலாம், அவ்வளவு அழகு. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் மீன் கூடும் இடங்களை மீனவர்களுக்கு அறிவிப்பதும் வெப்பநிலை, குளோரோபில் படங்களை வைத்துத்தான்.

பின்சேர்க்கை: பாக் நீரிணையில் பச்சை அதிகமாக இருக்கிறதே, அதுவும் மேலெழுச்சியா என்று சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை. அங்கே கடல் ஆழம் குறைவு. கலங்கிய சேறும் அடித்தரையில் பட்டுத் திரும்பும் ஒளியும் செயற்கைக்கோளுக்குக் குளோரோபில்போலத் தெரியும். ஆற்று முகத்துவாரங்களிலும் இதே சிக்கல் உண்டு. பச்சை இருக்கும் இடத்தில் குளிர்ச்சியும் இருக்கிறதா என்று படி 3-இன் படத்தோடு ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.