ஒரு வாளியில் முழுக்கு: கல்லடிக்கு வந்து தங்கும் பிள்ளைகளுக்கு

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் வேலைக்கும் படிப்புக்கும் மட்டக்களப்புக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். எங்கள் கல்லடி வீட்டு மேல் அறையிலும் அப்படிப் பலர் இருந்து போயிருக்கிறார்கள். உறைப்பும் வெயிலும் பழகிவிடும். குளிப்புத்தான் அவர்களுக்குப் பெரிய பாடு. கரண்ட் போனால் மோட்டர் ஓடாது. பைப் தண்ணீரும் சில நேரம் நின்றுவிடும். கூரைத் தாங்கியில் இருப்பதை வீடு முழுக்கப் பங்குபோட வேண்டும்.

சாதாரண ஷவர் நிமிடத்துக்கு 8, 10 லீட்டர் கொட்டும். பத்து நிமிடம் நின்றால் 100 லீட்டர் வரை போய்விடும். 15 லீட்டர் வாளி ஒன்றும், அரை லீட்டர் பிடிக்கும் கோப்பை ஒன்றும் இருந்தால், நீளக் கூந்தல் உள்ளவர்களும் சுத்தமாக முழுகலாம். அரைகுறைக் குளிப்பைச் சொல்லவில்லை, நல்ல குளிப்பையே சொல்கிறேன்.

முதலில் தலையைக் காய்ந்தபடியே சிக்கெடுத்துச் சீவுங்கள். சிக்கு இருந்தால் தண்ணீர் உள்ளே போகாது. பிறகு காலில் ஒரு கோப்பை, கையில் ஒரு கோப்பை, முதுகில் ஒன்று. உடம்பு குளிருக்குப் பழகிய பிறகு தலைக்கு வாருங்கள். குனிந்து, பிடரியிலிருந்து முன்பக்கமாக மெல்ல ஊற்ற வேண்டும். உச்சியில் கவிழ்த்துக் கொட்டினால் பாதிக்கு மேல் நிலத்துக்குத்தான் போகும். ஷாம்பூவை நேரே தலையில் பிழியாமல் கோப்பையில் கொஞ்சத் தண்ணீரோடு கலக்கி ஊற்றினால் எல்லா இடமும் பரவும், அலசுவதும் சுகம். சவர்க்காரத்தை உடம்பில் தேய்க்க வேண்டாம். நனைத்த துணியிலோ பீர்க்கங்காய் நாரிலோ தேய்த்து, அதால் உடம்பைத் தேயுங்கள்.

அலசுவதில்தான் எல்லாம் இருக்கிறது. வலது கையால் தோளில் மெல்ல ஊற்றும்போது, இடது உள்ளங்கை அந்தத் தண்ணீரின் பின்னாலேயே வழித்துக்கொண்டு இறங்க வேண்டும். தோள், முழங்கை, விரல் நுனி. அடுத்த கோப்பைக்கு மற்றப் பக்கம். கை போகாத இடத்தில் எத்தனை கோப்பை ஊற்றினாலும் வழுவழுப்புப் போகாது. கை கூடவே போனால் ஒரு கைக்கு ஒரு கோப்பை தாராளம்.

சில வீடுகளில் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும், ஆவணி புரட்டாதியில் இன்னும் கூடும். அதில் சவர்க்காரம் நுரைக்காது, தயிர் போலத் திரண்டு உடம்பில் ஒட்டும். இன்னும் கொஞ்சம் தேய்ப்போம் என்று நினைக்காதீர்கள், கூடத்தான் ஒட்டும். ஷாம்பூவோ திரவச் சோப்போ அந்தத் தண்ணீரிலும் நுரைக்கும், உடம்புக்கும் அதையே பாவியுங்கள். பைப் தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு போத்தல் நிறைத்து வைத்துக்கொண்டு, கடைசியாகத் தலைக்கும் முகத்துக்கும் அந்த நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். முடி பிசுபிசுக்காது, கண்ணும் எரியாது.

நேரமும் முக்கியம். கறுப்புத் தாங்கியில் மத்தியானம் தண்ணீர் கொதிக்கும். அதிகாலையில் குளியுங்கள், இல்லையென்றால் வாளியில் பிடித்து நிழலில் வைத்துவிட்டுப் பின்னேரம் குளிக்கலாம்.

கிணற்றில் அள்ளிக் குளிக்கும் வீடு கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். பெண்பிள்ளைகள் குறுக்குக்கட்டோடு, அதாவது மார்புக்கு மேலே துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, குளிப்பார்கள். உடுப்பு மாற்றும்போது காய்ந்த துணியை மேலே கட்டி இறுக்கிய பிறகுதான் உள்ளிருக்கும் ஈரத்துணியை அவிழ்த்து விட வேண்டும். பிளாஸ்டிக் வாளி தண்ணீரில் மிதக்கும். வாயின் ஒரு பக்கத்தில் சின்னக் கல்லோ இரும்புத் துண்டோ கட்டிவிட்டால் தானாகச் சரிந்து நிறையும். கிணற்றுக் கட்டை விட்டுத் தள்ளி நின்றே குளிக்க வேண்டும். எங்கள் மண் மணல், சவர்க்காரத் தண்ணீர் சுற்றிக்கொண்டு திரும்பக் கிணற்றுக்கே இறங்கும். வாழையடிக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டியிருப்பார்கள், அந்தப் பக்கம் நில்லுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. காரணம் இருக்கிறது. கல்லடி, ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலும் இருக்கிற மணல் திட்டு. மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்பு நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. அந்தப் படையில்தான் எங்கள் கிணறுகள் இருக்கின்றன. மோட்டரை விட்டு ஒரேயடியாக இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். 2004 சுனாமியில் கடல் புகுந்து கரையோரக் கிணறுகள் உப்பாகிப் போயின. சுத்தம் செய்வதற்காக இடைவிடாமல் இறைத்த இடங்களில் உப்புக் குறையாமல் கூடவும் செய்தது. பிறகு மாரி மழைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவித் தந்தது. ஆகவே வாளியால் அள்ளுங்கள், அல்லது மோட்டரைக் கொஞ்ச நேரம் போட்டு நிறுத்தி, ஊறவிட்டு மறுபடி போடுங்கள். பைப் தண்ணீரும் சும்மா வருவதில்லை. உன்னிச்சைக் குளத்து நீர்தான் சுத்திகரித்து வருகிறது. அந்தக் குளத்தை நம்பி வயலும் இருக்கிறது.

வாவியில் குளிக்கலாமா என்று கேட்பார்கள். முதலை இருக்கிறது, வேண்டாம்.

பிடித்து வைத்த வாளி, பரல் எல்லாவற்றையும் இறுக்கி மூடுங்கள். டெங்கு நுளம்பு சுத்தமான தேங்கிய நீரில்தான் முட்டையிடும். முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது. கிழமைக்கு ஒருமுறை வெறுமையாக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு இதில் இரட்டிப்புக் கவனம்.

வரும்போது தடித்த துவாய் கொண்டுவராதீர்கள். மழைக்காலத்தில் காயாமல் நாற்றம் எடுக்கும். இங்கே மருதமுனை நெசவுச் சாரம் வாங்கலாம். துடைக்கவும் கட்டவும் அதுவே போதும். தோய்த்துக் கொடியில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும்.